கயிறு, அளவு நாடா, பேரேடு: பல்கலைக்கழகக் காட்டில் வேலை தொடங்குவோருக்கு

சொந்தமாகக் காடு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நம் பக்கத்தில் குறைவு. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு 800 ஏக்கரை நெருங்கும் நிலம் வாய்த்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது அது. கட்டடமும் சாலையும் போக மீதி நிலத்தில் முந்திரி, பனை, வேம்பு, நட்டு வளர்த்த அயல் மரங்கள், அவற்றின் நிழலில் தானாக முளைத்த நம் ஊர்ப் புதர்கள் எல்லாம் கலந்து நிற்கின்றன. நான் பக்கத்துப் பிள்ளைச்சாவடிக்காரன். ஆய்வு மாணவர்களுக்குக் கயிறு பிடிப்பதில் தொடங்கி, அவர்கள் அளக்காமல் விட்ட மரத்தைக் காட்டிக்கொடுப்பது வரை, கள உதவியாளர் வேலையிலேயே தலை நரைத்தவன். அன்று என்னை ‘அண்ணா’ என்று கூப்பிட்ட பிள்ளைகள் பலர் இன்று வெவ்வேறு ஊர்களில் பேராசிரியர்கள். “அண்ணா, எங்கள் கல்லூரிக்குப் பின்னால் புதர்க்காடு சும்மா கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது?” என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லி வருவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

காப்புக்காட்டில் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி வேண்டும்; அது கிடைக்கும் காலமும் முடியும் காலமும் நம் கையில் இல்லை. கோயில்காடு ஊராருடையது, அங்கே மரத்தில் ஆணி அடிக்கவோ வேலி போடவோ நாம் யார்? காலாப்பட்டுக்குச் சற்று வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு இருக்கிறது. இந்தக் கரையோரத்தில் ஒருகாலத்தில் எப்படிப்பட்ட காடு இருந்தது என்று தெரிந்துகொள்ள அங்கே போக வேண்டும். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அதற்குப் புத்தகப் பெயர். மழை மூன்று மாதம், வெயில் ஒன்பது மாதம் என்றாலும் இலை முழுதாக உதிராத காடு. அங்கே பார்க்கலாம், எண்ணலாம், அளக்கலாம். எதையும் மாற்றிப் பார்க்கக் கூடாது.

பல்கலைக்கழகத்தின் சொந்தக் காட்டில் மாற்றிப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய வசதி, அதே மரத்திடம் வருடா வருடம் திரும்பிப் போகலாம். உலகத்தில் பேர்பெற்ற பல்கலைக்கழகக் காடுகள் எல்லாம் இந்த ஒரு வசதியால்தான் பேர்பெற்றன. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வைதம் என்ற காடு 1942-இல் கிடைத்தது. அங்கே 1947-இலிருந்து மரப்பெட்டிக் கூடுகளில் பட்டாணிக்குருவி இனப் பறவைகள் எந்தத் தேதியில் முட்டையிடுகின்றன என்று விடாமல் குறித்து வருகிறார்கள். பாட்டன் குறித்த தேதியைப் பேரன் குறித்த தேதியோடு ஒப்பிட்டதால்தான், வசந்தம் முன்கூட்டி வரவர முட்டையிடும் நாளும் இரண்டு வாரத்துக்கு மேல் முன்னால் நகர்ந்துவிட்டது என்று சொல்ல முடிந்தது. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சிபா காடு 1894-இல் தொடங்கியது. இவற்றின் பரப்பைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவர்கள் செய்ததில் மிகப் பெரிய வேலை, குறித்ததைத் தொலைக்காமல் வைத்திருந்ததுதான். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

நிலத்தில் இறங்குமுன்

பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அதில் இடத்தின் எல்லையும் ஆண்டும் இருக்கட்டும். ‘குறைந்தது இருபது ஆண்டுகளுக்கு இந்த இடத்தில் கட்டடம், சாலை, மரம் நடும் விழா எதுவும் கூடாது’ என்ற வரியும் இருக்கட்டும். இந்த வரிக்காகச் சண்டை போட நேர்ந்தாலும் போடுங்கள். புல்டோசர் வந்து நின்ற பிறகு கெஞ்சிப் பயனில்லை. நில அளவை வரைபடத்தின் நகலும், தோட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு இரண்டின் கையொப்பமும் தேவை. அதிகாலையில் பத்துப் பேர் கயிறோடு புதருக்குள் நுழைவதைக் காவலாளி தடுத்தால் அன்றைய வேலை போயிற்று.

சொந்தக் காடு என்பதால் சட்டம் விலகிக்கொள்ளாது. மரத்தை அளக்கவும் இலை பறிக்கவும் பல்கலைக்கழக அனுமதி போதும். பறவை, பாம்பு, பாலூட்டி என்று காட்டுயிரைப் பிடிப்பதானால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். பிடிக்காமல் பார்த்து எழுதுவதில் ஒரு பட்டத்துக்குத் தேவையான வேலை இருக்கிறது.

அடுத்து, அந்தக் காட்டை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களைத் தேடிப் போங்கள். சுள்ளி பொறுக்கும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், களாப்பழமும் நாவல்பழமும் தேடி வரும் பிள்ளைகள் எல்லா வளாகத்திலும் இருப்பார்கள். சுற்றுச்சுவரின் எந்த உடைப்பு வழியாக வருகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியாது. அவர்களைத் திருடர்களைப் போல நடத்தினால் உங்கள் அடையாளத் தகடுகள் ஒரு மாதம்கூடத் தாங்காது. உட்கார்ந்து பேசி, “அக்கா, இந்த நாலு கல்லுக்கு உள்ளே மட்டும் எதையும் எடுக்காதீர்கள், இது பிள்ளைகளின் பாடம்” என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த அக்காமாருக்கு எந்த மரம் எந்த மாதம் பூக்கும், எந்த விறகு புகையும் என்று எல்லாம் தெரியும். முதல் வகுப்பை அவர்களில் ஒருவரை வைத்து நடத்தச் சொல்லுவேன். அவருக்கு ஒரு நாள் கூலியைக் கணக்கில் எழுதிக் கொடுங்கள். சும்மா கேட்டுக்கொண்டு போவது தப்பு.

ஒரு ஹெக்டேர் போதும்

காடு முழுவதையும் கணக்கெடுக்க ஆசைப்படாதீர்கள். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் கொண்ட ஒரே ஒரு சதுரம், அதாவது ஒரு ஹெக்டேர், ஒரு துறைக்குப் போதும். இடம் குறைவென்றால் பாதி எடுங்கள். அழகான இடமாகப் பார்த்து எடுக்காதீர்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு, சீட்டு எடுத்து வரும் கட்டத்தில் போடுங்கள். முந்திரியும் சீமைக்கருவேலமும் மண்டிய கட்டம் வந்தால் அதுதான் உங்கள் காடு. முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னால் எது மாறுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மூலை பிடிக்கும் முறை கொத்தனாருக்குத் தெரிந்ததுதான். ஒரு பக்கம் 30 மீட்டர், மறுபக்கம் 40 மீட்டர் அளந்து, குறுக்கே 50 மீட்டர் வந்தால் மூலை சரி. சதுரம் முடிந்ததும் எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு இழுங்கள், 141 மீட்டர் 40 சென்டிமீட்டர் வர வேண்டும். புதருக்குள் கயிறு வளையும். அரை மீட்டர் வரை முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் போனால் திரும்பப் பிடியுங்கள். செல்பேசியின் ஜிபிஎஸ்ஸை நம்பி மூலை வைக்க வேண்டாம். மரநிழலில் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும். முதன்முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பிறகு 10 மீட்டருக்கு 10 மீட்டராகப் பிரித்தால் நூறு கட்டங்கள் கிடைக்கும். மூலைகளுக்குக் கருங்கல் நடுங்கள். எங்கள் பக்கம் கடல் பார்த்த தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்புக் குழாய் அரித்துக் கொட்டிப்போகும், மிஞ்சியதைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விடுவார். வேலிக்கு நடும் கல்தூணில் பாதியை வாங்கி, முக்கால்வாசி மண்ணுக்குள் போகும்படி புதைத்து, தலையில் எண் கொத்திவிட்டால் கயிறும் பெயின்டும் போன பிறகும் கல் நிற்கும். உள்கட்டங்களுக்குச் சிறிய கல்லே போதும். பணம் குறைவென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், கல்லில் குறைக்காதீர்கள்.

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது செம்மண் வழுக்கும், நாடா நனையும், எழுதியது கரையும். தை, மாசிதான் நல்ல காலம். மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏறாது, கொடிகளில் இலை இருப்பதால் அடையாளம் காண்பதும் சுலபம். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடியுங்கள்.

பாம்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கணுக்காலை மூடிய செருப்போ ஷூவோ, முழுக்கால் சட்டை, கையில் ஒரு கம்பு, கை வைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வைப்பது, இவ்வளவுதான். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எங்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. உங்கள் ஊரில் நஞ்சுமுறி மருந்து எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு, அளவுகளை எழுதிவைக்கும் பேரேட்டின் முதல் பக்கத்தில் தொலைபேசி எண்ணோடு எழுதிவையுங்கள்.

மரத்தை அளக்கும் விதம்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பத்து வருடம் கழித்து இரண்டு அளவுகளைக் கழித்துப் பார்க்கும்போது, மரம் வளர்ந்த அளவைவிட அளந்தவரின் கை தடுமாறிய அளவு பெரிதாக இருந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

நாடா கண்ணாடியிழையில் செய்ததாகவோ எஃகாகவோ இருக்கட்டும். தையல்காரர் நாடா இழுக்க இழுக்க நீளும். 1 மீட்டர் 30 சென்டிமீட்டருக்கு ஒரு மூங்கில் கம்பு வெட்டிக்கொள்ளுங்கள். மரத்தின் அடியில் கம்பை ஊன்றி, அதன் நுனி தொடும் இடத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப்பக்கம் நின்று ஊன்றுங்கள். சாய்ந்த மரமானால் தண்டு சாய்ந்த போக்கிலேயே கம்பைச் சாய்த்து அளங்கள். அந்த உயரத்தில் முண்டோ பொந்தோ இருந்தால் அதற்கு மேலே சீரான இடத்தில் எடுத்து, எந்த உயரத்தில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். எந்த இடமானாலும் அங்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. அடுத்தவர் அந்தக் கோட்டின் மேல்தான் நாடாவை வைக்க வேண்டும்.

எண் பொறித்த அலுமினியத் தகட்டை அலுமினிய ஆணியால், அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே அடியுங்கள். கோட்டிலேயே அடித்தால் ஆணியைச் சுற்றி மரம் வீங்கி அளவு கெடும். ஆணி முழுதும் உள்ளே போகக் கூடாது. மரம் பருக்க இரண்டு விரல் இடம் விட வேண்டும். ஒல்லியான தண்டில் ஆணி வேண்டாம், தகட்டை நைலான் கயிற்றில் தளர்வாகக் கட்டுங்கள்.

எந்தப் பருமன் வரை அளப்பது என்ற கேள்வி வரும். மலைக்காடுகளில் 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்டதை மட்டும் எடுப்பது வழக்கம். நம் கரையோரக் காட்டில் அப்படிச் செய்தால் பாதிக் காடு கணக்கில் வராது. இங்கே மரங்கள் குள்ளமானவை, ஒல்லியானவை. புதுவைப் பல்கலைக்கழகத்துச் சூழலியலார் 1990-களில் கோயில்காடுகளில் ஒரு ஹெக்டேர் கட்டங்கள் போட்டபோது, சுற்றளவு 10 சென்டிமீட்டர் இருந்தாலே கணக்கில் சேர்த்தார்கள். புத்துப்பட்டில் மட்டுமன்றி, கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் இப்படிச் செய்திருக்கிறார்கள். நீங்களும் அதையே வைத்துக்கொண்டால் உங்கள் எண்களை அவர்கள் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். தனக்கென்று புது அளவுகோல் வைத்துக்கொள்ளும் ஆய்வாளர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டுகள் வருவது இங்கே சாதாரணம். என்றோ விறகுக்கு வெட்டி, மீண்டும் தழைத்தவை அவை. எல்லாத் தண்டுக்கும் ஒரே எண் கொடுத்து, அ, ஆ, இ என்று பிரித்துத் தனித்தனியாக அளங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே சுற்றளவாக எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு அப்போதே முறிந்துவிடும். கொடிகளையும் விடாதீர்கள். மிளகரணை, ஆதொண்டை போன்றவை இந்தக் காட்டின் உடம்பில் பாதி. வேர் விட்ட இடத்திலிருந்து கொடியின் போக்கிலேயே 1.30 மீட்டர் போய் அங்கே அளக்க வேண்டும்.

கணக்கு எளிது. சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு வந்துவிடும். 62.8 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்துக்கு 314 சதுர சென்டிமீட்டர். இப்படி ஒரு ஹெக்டேர் முழுதும் கூட்டினால் காட்டின் பருமன் ஒரே எண்ணாக வரும். கணிதத்துறைப் பிள்ளைகளை இதற்குக் கூப்பிடுங்கள். ஒரே மரத்தை ஐந்து பேர் ஒருவர் எழுதியதை ஒருவர் பாராமல் அளந்து, வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பிழை என்பதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிப்பதும், தன் கையில் பார்ப்பதும் வேறு.

பெயர் தெரியாவிட்டால்

பெயர் தெரியாத மரத்துக்கு உத்தேசமாகப் பெயர் வைக்காதீர்கள். ‘பெயர் அறியாதது 7’ என்று எழுதுவதில் குறையில்லை. பூவோ காயோ உள்ள ஒரு கிளையை நறுக்கி, செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, பலகைக்கிடையே இறுக்கிக் கட்டி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்துங்கள். எந்த எண் மரம், எந்தத் தேதி, பூவின் நிறம், மணம், பால் வடிந்ததா என்று அப்போதே எழுதுங்கள். காய்ந்த பிறகு நிறமும் மணமும் போய்விடும். புதுச்சேரியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பேறு உண்டு. செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-லிருந்து இருக்கிறது, அதன் உலர்தாவரச் சேகரிப்பு தென்னிந்தியத் தாவரங்களுக்குப் பேர்போனது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அங்குள்ள தாளோடு உங்கள் தாளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊர்ப்பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வீரை, உலக்கைப்பாலை, காயா, உசில், கருங்காலி, காட்டு எலுமிச்சை, விராலி, காரை, களா என்று இருபது பெயர் தெரிந்துவிட்டால் இந்தக் காட்டில் தைரியமாக நடக்கலாம்.

பிள்ளைக்கு ஒரு மரம்

ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பும் களப்பயணத்தால் யாருக்கும் எதுவும் நிலைப்பதில்லை. முதலாண்டுப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு மரத்தைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதன் முன்னால் பத்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். புது இலை, முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஆறுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பு. இல்லையென்றால் 0, கிளைகளில் கால் பங்கு வரை 1, பாதி வரை 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. கீழே ஒரு வரி சொந்தமாக எழுத வேண்டும்: யார் வந்தார்கள், என்ன தின்றார்கள், எது விழுந்தது.

அந்த ஒரு வரியில்தான் பிள்ளைகள் ஆளாகிறார்கள். காயா கோடையில் கிளையோடு ஒட்டி நீலமாகப் பூத்ததைத் தன் மரத்தில் பார்த்த பெண்ணுக்கு அதை யாரும் தேர்வுக்காக நினைவூட்ட வேண்டியதில்லை. காட்டு எலுமிச்சை கொடுக்கப்பட்ட பையன் இலையில் புழுக்களைப் பார்த்து, அவை கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சி வெளிவரும் வரை பின்தொடர்வான். பனிக்காலத்தில் ஆறுமணிக்குருவி வந்து சருகைக் கிளறுவதைக் காணும் பிள்ளை, அது வந்த தேதியைக் குறித்தால் அதுவே பெரிய தகவல்.

மூன்றாண்டு முடிந்து போகும்போது அந்த மரத்தை இளையவர் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டுப் போக வேண்டும். கைமாற்றும் நாளில் இருவரும் சேர்ந்து போய் அளக்கட்டும். மதிப்பெண்ணையும் இதற்கே கொடுங்கள். கடைசி வாரத்தில் எழுதி நிரப்பிய நோட்டு எழுத்தின் ஒரே மைநிறத்திலேயே தெரிந்துவிடும்.

தாவரவியல், விலங்கியல் பிள்ளைகளோடு நிறுத்த வேண்டாம். பழைய நில அளவைப் படங்களைத் தேடி இந்த இடம் முன்பு முந்திரித்தோப்பா, மேய்ச்சல் நிலமா என்று கண்டுபிடிப்பதை வரலாற்றுத் துறைக்குக் கொடுங்கள். சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஒதுக்குங்கள். அவர்களுக்குப் பாடம் எடுப்பவர் உங்கள் இரண்டாமாண்டு மாணவராக இருக்கட்டும்.

ஆய்வாகச் செய்யக்கூடியவை

விலை உயர்ந்த கருவி இல்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒரு மீட்டர் சதுரத்தில் கொசுவலையை நான்கு குச்சிகளில் தொட்டில் மாதிரி இடுப்புயரத்தில் கட்டினால் சருகு பிடிக்கும் வலை. இருபது இடத்தில் கட்டி, கோடையில் மாதம் இருமுறையும் மழையில் வாரம் ஒருமுறையும் எடுங்கள். மழைக்காலத்தில் விட்டால் வலையிலேயே மக்கிவிடும். இலை, சுள்ளி, பூ, காய் என்று பிரித்து, ஆய்வகத்து உலர்த்தும் அடுப்பில் காயவைத்து நிறுத்தால், காடு ஓராண்டில் மண்ணுக்குத் திருப்பித் தருவது எவ்வளவு என்று தெரியும். தோட்டப் பிரிவினர் சருகைக் கூட்டி எரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மரநாயின் எச்சத்தில் கொட்டைகள் அப்படியே கிடக்கும். கையுறை போட்டு எடுத்துக் கழுவி, அதே பழத்திலிருந்து நேரே எடுத்த கொட்டையோடு பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் விதைத்து, எது முன்னால் முளைக்கிறது என்று பாருங்கள். இளங்கலைப் பிள்ளை ஒருவருக்கு ஒரு பருவத்துக்கான வேலை இது.

சொந்தக் காட்டில் மட்டும் முடியக்கூடியது வேலிச்சோதனை. ஐந்து மீட்டர் சதுரத்தில் ஜோடி ஜோடியாக இடம் பிடித்து, நாணயம் சுண்டி, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் ஆடு புகாத கம்பிவலை போடுங்கள். இரண்டிலும் நாற்றுகளை வருடம் இருமுறை எண்ணுங்கள். காயா, வீரையின் நாற்றுகள் திரும்பி வராததற்கு ஆடு காரணமா, நிழல் காரணமா, விதை கொண்டுவரும் பறவையும் வௌவாலும் இல்லாதது காரணமா என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டுவிட்டுக் கணக்கில் பதில் சொல்லலாம்.

புயலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் யாரும் காட்டைப் பற்றிப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்த வட்டாரத்தில் மறந்தவர் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் வந்தது. புயலுக்கு மறுநாள் எல்லாரும் ரம்பத்தோடு கிளம்புவார்கள். உங்கள் கட்டத்துக்குள் ரம்பம் போகக் கூடாது. பாதையில் விழுந்ததை மட்டும் வெட்டி ஓரமாகப் போடுங்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு எண்ணுக்கும் குறித்தாக வேண்டும்: நிற்கிறதா, வேரோடு சாய்ந்ததா, நடுவில் முறிந்ததா, எந்தத் திசையில் விழுந்தது, வேர்த்தட்டில் எவ்வளவு மண். ஆறு மாதம் கழித்து மறுபடி போய், சாய்ந்ததில் எது துளிர்த்தது என்று பாருங்கள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு 1907-லிருந்து ஒரு காடு இருக்கிறது. 1938-இல் பெரும்புயல் அதைச் சாய்த்தது. அங்குள்ளவர்கள் 1990-இல் ஒரு பகுதியில் மரங்களைக் கம்பிவடம் கட்டி இழுத்து, புயல் சாய்ப்பது போலவே சாய்த்து, எதையும் அகற்றாமல் விட்டுப் பார்த்தார்கள். சாய்ந்த மரங்களில் பல படுத்தபடியே துளிர்த்தன. பார்வைக்கு எல்லாம் நாசமானது போலிருந்தும் மண்ணின் ஈரமும் சத்தும் பெரிதாகக் குலையவில்லை. ஆய்வு மாணவர் ஒருவர் இதைப் படித்துக்காட்டியபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. புயல் நமக்குக் கூலி வாங்காமல் அதே சோதனையைச் செய்து கொடுத்துவிட்டுப் போகிறது. முந்தைய அளவு கையில் இருந்தால் போதும்.

அலையாத்திக் காடாக இருந்தால்

கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. அங்கே கரையோரம் அலையாத்தி மரங்களை 1990-களில் நட்டு வளர்த்தே ஒரு காட்டை உருவாக்கினார்கள். காடு இல்லாத கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில்தான் பிச்சாவரம், அங்கே கண்ட ஒரு கலப்பினச் சுரபுன்னைக்கு 1995-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையே சேர்த்து ‘ரைசோபோரா அண்ணாமலையானா’ என்று பெயரிட்டார்கள்.

சேற்றில் முறை கொஞ்சம் மாறும். சுரபுன்னையில் 1.30 மீட்டர் என்ற கணக்கு வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள முட்டுவேரிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். வெண்கண்டலில் மூச்சுவேர்களை ஒரு மீட்டர் சதுரத்துக்குள் எண்ணுங்கள், மிதிக்காமல். நீர் வற்றும் நேரத்தை மீனவரிடம் கேட்டுப் போய், ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தில்லை மரத்தில் கிளை ஒடிக்கவே கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய கேடு.

பேரேடு

ஓர் ஊரில் ஒரு கல்லூரிக்கு உதவிக்குப் போயிருந்தேன். அங்கே மரங்களில் பழைய தகடுகள் இருந்தன, எண்களும் தெளிவாக இருந்தன. அந்த எண்களுக்குரிய அளவுகள் மட்டும் எங்கும் இல்லை. அளந்தவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனபோது அவருடைய மடிக்கணினியும் போய்விட்டது. நூலகத்தில் ஆய்வேடு இருந்தது. அதில் சராசரிகள் இருந்தன, ஒவ்வொரு மரத்தின் அளவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒரு தலைமுறை வளர்ச்சி அப்படியே தொலைந்தது. இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகவே, கெட்டி அட்டை போட்ட பெரிய பேரேடு ஒன்று துறைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். களத்தில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை மழையில் கரையும். அன்று மாலையே பேரேட்டில் ஏற்ற வேண்டும். களத்தாளையும் தூக்கிப் போடாமல் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, அளந்தவர், எழுதியவர், நாடாவின் வகை. தப்பாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் திருத்தம் எழுதி, கையொப்பம் இட வேண்டும். முன்பக்கத்தில் கட்டத்தின் படம், மூலைக்கற்களுக்கு வழி, அளக்கும் விதி எல்லாம் இருக்கட்டும். நீங்கள் யாரும் இல்லாத காலத்தில் ஒரு புது ஆள் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த மரத்தின் முன்னால் போய் நிற்கும்படி எழுதுங்கள்.

கணினியில் ஏற்றுவது நல்லது, ஏற்றுங்கள். ஆனால் ஏற்றியவரின் சொந்தக் கணக்கில் வேண்டாம். துறையின் கணக்கில், எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய எளிய அட்டவணையாக இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பேரேட்டை முழுதும் ஒளிநகல் எடுத்து, ஒரு படியை மைய நூலகத்துக்கும் இன்னொரு படியை வேறு ஊரில் உள்ள ஒரு கல்லூரிக்கும் அனுப்புங்கள். ஆய்வு மாணவருக்கு ‘நிலுவை இல்லை’ சான்றிதழில் கையொப்பம் இடும் வரிசையில் நூலகம், விடுதி, ஆய்வகத்தோடு காட்டுப் பேரேட்டையும் ஒரு வரியாகச் சேர்க்கும்படி துறைக்குழுவில் தீர்மானம் போடுங்கள். மூல அளவுகளை ஒப்படைத்து, அடுத்தவரை ஒருமுறை கட்டம் முழுதும் நடத்திக் காட்டிய பிறகுதான் அந்த வரியில் கையொப்பம் விழ வேண்டும்.